ஷெப்பர்டையும் டில்லிங்ஹாமையும் ஏன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். அக்கா மகன் விடுமுறைக்கு எங்களிடம், இங்கே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிற லெக்சிங்டனுக்கு வந்திருக்கிறான். பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிற பையன். அவனுக்குக் காட்டலாம் என்று 2023-24 சீசனின் கென்டக்கி பல்கலைக்கழக ஆட்டங்களில் நான்கைந்தை வரிசையாகப் போட்டேன். மூன்றாவது ஆட்டத்திலேயே கேட்டுவிட்டான்: "மாமா, அந்தப் 15ஆம் நம்பர் இவ்வளவு நல்லா ஆடுறாரே, அவரை ஏன் முதல்லயே இறக்க மாட்டேங்கிறாங்க?"

அந்தக் கேள்வியை அந்த வருடம் முழுக்க ஊரே கேட்டது. முடிவெட்டும் கடையில், பெட்ரோல் பங்கில், என் அலுவலகத்தில், எல்லா இடத்திலும். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

அந்த 15ஆம் நம்பர் ரீட் ஷெப்பர்ட். கென்டக்கி மாநிலத்திலேயே, லண்டன் என்கிற சிறிய ஊரில் வளர்ந்தவர். அப்பா ஜெஃப் ஷெப்பர்ட் இதே கென்டக்கிக்காக ஆடி 1996, 1998 இரண்டு சாம்பியன் அணிகளிலும் இருந்தவர். 1998 இறுதிச்சுற்றின் சிறந்த வீரரும் அவர்தான். அம்மாவும் கென்டக்கி மகளிர் அணியில் ஆடியவர். இங்கே அந்தப் பையன் எல்லோருக்கும் வீட்டுப் பிள்ளை மாதிரி. முதல் வருடத்திலேயே மூன்று புள்ளி வீச்சில், அதாவது கோட்டுக்கு வெளியே தொலைவிலிருந்து எறிவதில், 52 சதவீதத்துக்கு மேல் போட்டார். கூடைப்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், 40 சதவீதம் போட்டாலே பெரிய ஷூட்டர் என்பார்கள். இவர் இரண்டு முறை எறிந்தால் ஒன்று உள்ளே.

இன்னொருவர் ராப் டில்லிங்ஹாம். மின்னல் வேகம். சராசரியாக 15 புள்ளி. ரப் அரீனாவில் டென்னசிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 35 புள்ளி எடுத்தவர். லெக்சிங்டன் நடுவில் இருக்கிற எங்கள் சொந்த அரங்கம் அது. 20,000 பேருக்கு மேல் உட்காருகிற இடம், அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தது.

சரி, இந்த இருவரும் அந்த சீசனில் எத்தனை ஆட்டங்களில் தொடக்க ஐவரில் இருந்தார்கள் தெரியுமா? ஷெப்பர்ட் 33 ஆட்டங்களில் 5. டில்லிங்ஹாம் 32 ஆட்டங்களில் 1. 2024 ஜூனில், தொழில்முறை லீக்கான என்பிஏ புது வீரர்களை வரிசையாக எடுக்கிற தேர்வில், ஷெப்பர்டை 3ஆவது ஆளாக எடுத்தார்கள், டில்லிங்ஹாமை 8ஆவது ஆளாக. அந்தத் தேர்வின் முதல் எட்டுப் பேரில் இரண்டு பேர் ஒரு கல்லூரி அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று என் பாட்டி சொல்வார். அந்த வருடம் எனக்கு அடிக்கடி பாட்டி ஞாபகம் வந்தது.

இங்கே கோச் ஜான் காலிபாரியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. முதலில், பெஞ்சிலிருந்து வருவது என்றால் ஆடவே விடவில்லை என்று பொருள் இல்லை. ஷெப்பர்ட் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 29 நிமிடம் களத்தில் இருந்தார். கல்லூரி ஆட்டம் மொத்தமே 40 நிமிடம்தான். இரண்டாவது, எதிரணி சற்றுக் களைத்த நேரத்தில் இந்த இரண்டு பேரும் உள்ளே வந்தால் ஆட்டம் சட்டென்று வேகம் பிடிக்கும். அது ஒரு நல்ல உத்திதான். மூன்றாவது, டில்லிங்ஹாம் தடுப்பாட்டத்தில் பலவீனமானவர். உடம்பு மெலிது, பெரிய ஆள் மோதினால் நகர்ந்துவிடுவார்.

இந்த மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடுப்பாட்டம் என்கிற காரணத்தை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த அணி ஆட்டத்துக்கு 89 புள்ளி போட்டது, 80க்குப் பக்கத்தில் விட்டுக்கொடுத்தது. யார் களத்தில் இருந்தாலும் விட்டுக்கொடுத்தது. 2024 ஜனவரி 31இலிருந்து பிப்ரவரி 10க்குள் சொந்த அரங்கில் வரிசையாக மூன்று தோல்வி: ஃப்ளோரிடா 94, டென்னசி 103, கொன்சாகா 89. எப்படியும் தடுக்க முடியாத அணி என்றால், டில்லிங்ஹாம் மாதிரி அதிகம் புள்ளி போடுகிறவனை 23 நிமிடம் மட்டும் ஆட வைப்பதில் என்ன கணக்கு?

என்னுடைய ஆதங்கம் யார் ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்பதில்கூட இல்லை. ஷெப்பர்ட், டில்லிங்ஹாம், அந்த வருடம் சராசரி 20 புள்ளி எடுத்த அன்டோனியோ ரீவ்ஸ், இந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் நீண்ட நேரம் சேர்ந்து ஆட வேண்டும். சேர்ந்து ஆடினால்தான் பாஸ் எங்கே வரும், யார் எந்த மூலையில் நிற்பார் என்கிற பழக்கம் உடம்பில் ஊறும். ஐந்து நிமிடம் சேர்த்து, நான்கு நிமிடம் பிரித்து, மறுபடி சேர்த்தால் எப்படி ஊறும்?

கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே வந்த பிறகு, ஆட்டம் முதலில் நிற்கும் இடத்தில் டிவிக்காக ஒரு டைம் அவுட் வரும். ஆள் மாற்றுவது பெரும்பாலும் இந்தத் தாளத்தில்தான் நடக்கும். ஒரு பையன் தொடர்ந்து இரண்டு த்ரீ, அதாவது மூன்று புள்ளி வீச்சு, போட்டுக் கை சூடாகியிருப்பான். டைம் அவுட் வரும், அவன் உட்காருவான். ஏற்கனவே முடிவு செய்து வைத்த வரிசை என்பதால் அவனை உட்கார வைத்தது போல இருக்கும். அரங்கில் என் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் இப்படி நடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு அது கத்துவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் இந்த இரண்டு ஃபவுல் வழக்கம். இது ஒரு கோச்சின் பழக்கம் மட்டும் இல்லை, கல்லூரிக் கூடைப்பந்து முழுக்க இருக்கிறது. 5 ஃபவுல் வாங்கினால் வெளியேற வேண்டும். அதனால் முதல் பாதியில் ஒருவர் 2 ஃபவுல் வாங்கிவிட்டால் இடைவேளை வரை உட்கார வைத்துவிடுவார்கள். நன்றாக ஆடுகிறவனை ஃபவுலில் இழந்துவிடுவோமோ என்று பயந்து, நாமே அவனைப் பத்து நிமிடம் இழக்கிறோம். முதல் பாதியில் போடுகிற இரண்டு புள்ளியும் இரண்டு புள்ளிதான். நான் அக்கா மகனிடம் சொன்னேன்: உன் கோச் அப்படிச் செய்தால் நீ ஒன்றும் பேசாதே, ஆனால் ஃபவுல் வாங்காமல் தடுக்கக் கற்றுக்கொள்.

இந்த வேதனை 2024இல் தொடங்கியது இல்லை. 2014-15 அணியை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரும் நட்சத்திரங்கள். காலிபாரி அவர்களை ஐந்து ஐந்தாக இரண்டு அணியாகப் பிரித்து, ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் மாற்றினார். டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரஸுக்கு முழங்கால் போன பிறகு அந்த முறையை விட்டுவிட்டார். 38 ஆட்டம், 38 வெற்றி. அப்புறம் இண்டியானாபொலிஸில் தேசியப் போட்டியின் அரையிறுதி, விஸ்கான்சினுடன். கடைசிக் கட்டத்தில் வரிசையாக மூன்று முறை ஷாட் கிளாக், அதாவது பந்தை எறிந்தாக வேண்டிய நேரம், தீர்ந்துபோனது. அப்போது விதிப்படி 35 விநாடி கொடுப்பார்கள். 35 விநாடியில் எறியக்கூட முடியவில்லை, அதுவும் மூன்று முறை. 71-64இல் தோற்றோம். அந்த அணியில் டெவின் புக்கர் இருந்தார். சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட தொடக்க ஐவரில் இல்லை. இரண்டே வருடத்தில் என்பிஏவில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி போட்டார். கார்ல்-அந்தோணி டவுன்ஸ் அந்த ஆண்டு தேர்வின் முதல் ஆள், அவருக்கு இங்கே ஆட்டத்துக்கு 21 நிமிடம்தான். பிற்பாடு என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரும் 2017இல் இங்கே பெஞ்சில்தான் தொடங்கினார்.

இதே காலிபாரிதான் 2012இல் சாம்பியன் ஆனார் என்பதையும் மறக்கவில்லை. அந்த அணியில் அவர் முக்கியமாக நம்பியது ஏழு பேருக்குள்தான். ஆந்தனி டேவிஸ், கிட்-கில்கிரிஸ்ட், லாம்ப், டீக், டெரன்ஸ் ஜோன்ஸ், கூடவே பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்த நான்காம் ஆண்டு மாணவர் டேரியஸ் மில்லர். யார் எப்போது வருவார், யார் ஆட்டத்தை முடிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். 38 வெற்றி, 2 தோல்வி. வழி தெரிந்தவரே அந்த வழியை விட்டு நகர்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் நகர்ந்தார்? தேர்வு நடக்கிற ஆண்டுக்குள் 19 வயது ஆகாதவர் என்பிஏவில் சேர முடியாது என்ற விதி 2006 தேர்விலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் நாட்டின் முதல் வரிசைப் பையன்கள் ஒரே ஒரு வருடம் கல்லூரிக்கு வருகிறார்கள். பெரிய பெயரோடு வருகிற பையனை உட்கார வைத்தால், அடுத்த வருடம் வரப்போகிறவன் யோசிப்பான். ஷெப்பர்ட் அப்படிப் பெரிய பெயரோடு வந்தவர் இல்லை, ஊர்ப் பையனாக வந்தார். வரிசை இந்த நினைப்பில்தான் அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

சரி, அந்த சீசன் முடிவில் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்துடன் ஆடிய ஆட்டத்துக்கு வருகிறேன். 2024 மார்ச் 21, பிட்ஸ்பர்க். நாங்கள் 3ஆம் தரவரிசை, அவர்கள் 14. அவர்கள் அணியில் ஜாக் கோல்கி என்று ஒருவர், மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே ஏறக்குறைய எறியவே மாட்டார். அன்றைக்கு 20 முறை எறிந்தார், இருபதும் த்ரீ, பத்து உள்ளே. மொத்தம் 32 புள்ளி. அவரை ஒட்டியே நிற்க ஓர் ஆளை நேர்ந்துவிட்டிருக்க வேண்டும். முதல் பாதியில் ஏழு போன பிறகாவது. 80-76இல் தோற்றோம். ஷெப்பர்டுக்கு அன்று 3 புள்ளிதான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் இதில் எனக்கு வலித்தது வேறு. அந்தக் கோல்கியும் பெஞ்சிலிருந்து வருகிறவர்தான், பெஞ்சிலிருந்து வருகிறவர்களில் சிறந்தவருக்கான விருதை அவருடைய லீக்கில் வாங்கியவர். அவருடைய கோச் கிரெக் கேம்ப்பி, 1984இலிருந்து அங்கேயே இருப்பவர், கை சூடாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவரை வெளியே எடுக்க நினைக்கவில்லை.

மூன்று வாரத்தில் காலிபாரி ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். கென்டக்கியில் 15 சீசன், 410 வெற்றி.

டிஜே வாக்னரைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. ஷெப்பர்ட் பெஞ்சில் இருந்தபோது களத்தில் இருந்த பையன் அவர்தான். 29 ஆட்டங்களில் 28இல் தொடக்க ஐவர். ஆளை மாற்று என்று எங்கள் வரிசைகளில் கத்தியபோதெல்லாம் அது அவர் காதில்தான் விழுந்திருக்கும். 18 வயதுப் பையன், கோச் போ என்றால் போகிறான். அவரும் கோச்சோடு ஆர்கன்சா போனார். 2025 பிப்ரவரி 1, திரும்ப ரப் அரீனாவுக்கு வந்தார்கள். கோச் உள்ளே வந்தபோது கூச்சல். ஆர்கன்சா 89, கென்டக்கி 79. வாக்னர் 17 புள்ளி எடுத்தார். அவர் ஒவ்வொரு முறை கூடையில் போட்டபோதும் நான் கை தட்டவில்லை, ஆனால் அன்று நான் கத்தவும் இல்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.