சொந்த அண்ணனே காவலில் வைத்த பேரரசி: நூர்ஜஹான் எங்கே தோற்றார்?

[திரையில்: பனி மூடிய மலைப்பாதை, வரிசையாகக் கூடாரங்கள்]

வணக்கம். 1627 அக்டோபர் மாதக் கடைசி. காஷ்மீரிலிருந்து லாகூருக்குத் திரும்பும் வழியில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் உயிர்விடுகிறார். மனைவி நூர்ஜஹான் அருகில் இருக்கிறார். அண்ணன் ஆசப் கானை அழைத்துவரச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். அண்ணன் ஏதேதோ சாக்குச் சொல்லி வரவே இல்லை. பிறகு நூர்ஜஹானைச் சுற்றிக் காவல் வந்து நிற்கிறது. போட்டவர் அதே அண்ணன்.

ஏன்? வீடியோவின் பாதியில் பதில் வரும். அதன் பிறகு ஜீலம் ஆற்றங்கரைக்கும் ஒரு முறை போய் வர வேண்டும், அதனால் நடுவில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாரசீகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். 1577இல் வழியில் கந்தகாரில் பிறந்த பெண், மெஹருன்னிசா. பின்னாளில் நூர்ஜஹான் ஆனவர் இவர்தான். முதல் கணவர் 1607இல் வங்காளத்தில் கொல்லப்பட்டார். கையில் ஒரே மகள், லாட்லி. 1611இல், 34 வயதில், ஜஹாங்கீரை மணந்தார். அவ்வளவுதான் முன்கதை.

[திரையில்: தங்க நாணயம், மெல்லச் சுழல்கிறது]

இந்த நாணயத்தைப் பாருங்கள். இதில் பாரசீக மொழியில் ஈரடிச் செய்யுள் ஒன்று இருக்கிறது. ஜஹாங்கீர் ஷாவின் ஆணையால், நூர்ஜஹான் பாதுஷா பேகம் என்னும் பெயரைத் தாங்கி, பொன் நூறு மடங்கு அழகு பெற்றது என்பது அதன் பொருள். நாணயத்தில் பெயர் பொறிப்பது அரசுரிமையின் அடையாளம். அந்தப் பெயர் ஒரு பெண்ணுடையது. "குடிகாரக் கணவனை மயக்கி ஆண்டாள்" என்று இவரைப் பற்றி எழுதியவர்கள் இந்த நாணயத்தை ஒரு முறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஜஹாங்கீர் மதுவுக்கும் அபினுக்கும் அடிமை, உண்மைதான். ஆனால் நான்கு புலிகளை ஆறே குண்டுகளில் மனைவி வீழ்த்தியதைத் தம் நினைவுக்குறிப்பில் பெருமை பொங்க எழுதி வைத்தவரும் அவர்தான்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு. நமக்கெல்லாம் தெரிந்த மும்தாஜ் மஹால் இவர்தான். 1612இல் இவரை மணந்தவர் இளவரசர் குர்ரம், பின்னாளில் ஷாஜஹான். ஆக, மும்தாஜுக்கு நூர்ஜஹான் அத்தை. ஷாஜஹானுக்கோ ஒரு பக்கம் சிற்றன்னை, இன்னொரு பக்கம் மனைவியின் அத்தை. முதல் பத்து ஆண்டுகள் எல்லாரும் ஒரே அணிதான்.

1621இல் நூர்ஜஹான் தம் மகள் லாட்லியை ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷஹ்ரியாருக்குக் கட்டிக்கொடுத்தார். வீடு இரண்டானது அன்றுதான். ஜஹாங்கீரால் அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் கண்மூடினால் கையில் இருக்கும் அதிகாரமும் அன்றே போய்விடும். மருமகன் அரியணை ஏறினால் மட்டுமே மிஞ்சும். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கணக்கை ஆசப் கானும் தம் மருமகனுக்காகப் போட்டார். அவரை யாரும் மாயக்காரர் என்று ஏசவில்லை. 1622இல் பாரசீகர்கள் கந்தகாரை முற்றுகையிட்டபோது, மீட்கப் போகச் சொன்னதை ஷாஜஹான் மறுத்தார், பிறகு கலகத்தில் இறங்கினார். மூன்றாண்டுக் கலகம் தோல்வியில் முடிய, மகன்கள் தாராவையும் ஔரங்கசீப்பையும் பிணையாக அரண்மனைக்கு அனுப்பிவைத்தார்.

[திரையில்: ஆறு. எதிர்க்கரையில் புகை]

ஜீலம் நதிக்கரை, 1626. நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் காட்சி இது. ஆசப் கானும் படையின் பெரும்பகுதியும் பாலம் கடந்து அக்கரை போய்விட்டார்கள். பேரரசர் சிறு காவலோடு இக்கரையில். அந்த நேரம் பார்த்துத் தளபதி மகாபத் கான் ஆயிரக்கணக்கான ராஜபுத்திர வீரர்களோடு வந்து ஜஹாங்கீரைச் சிறைப்பிடிக்கிறார். சந்தடியில் நூர்ஜஹான் நழுவி அக்கரை சேர்கிறார். அமீர்களை, அதாவது அரசவைப் பிரபுக்களை, கூட்டிவைத்து, பேரரசரை விட்டுவிட்டு எப்படி வந்தீர்கள் என்று கேட்கிறார். சொந்த அண்ணனையும் சேர்த்துத்தான்.

பாலம் எரிக்கப்பட்டுவிட்டது. மறுநாள் ஆற்றில் இறங்கியே கடக்க முடிவாகிறது. இறங்கிய துறை மோசமான துறை. இடையிடையே ஆள் முங்கும் பள்ளங்கள். யானை மேல் அம்பாரியில் நூர்ஜஹான். கூடவே லாட்லியின் கைக்குழந்தையும் செவிலியும். 49 வயதுப் பாட்டி, மடியில் பேத்தி, சுற்றிலும் அம்புமழை! ஓர் அம்பு அம்பாரிக்குள் புகுந்து ஒரு கையில் தைக்கிறது. செவிலியின் கை என்று ஒரு குறிப்பு, குழந்தையின் கை என்று மற்றொன்று. அந்த அம்பைப் பிடுங்கி எறிந்தவர் நூர்ஜஹான்தான். உடையெல்லாம் இரத்தம். யானையின் தும்பிக்கையில் வாள் வெட்டு விழுகிறது. அது திரும்பி நீந்தி, பழைய கரைக்கே வந்து சேர்கிறது. ஆசப் கான் அட்டக் கோட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டு, பிறகு அங்கேயே பிடிபடுகிறார்.

நூர்ஜஹான் ஓடவில்லை. தாமாகவே மகாபத் கானின் முகாமுக்குப் போய்க் கணவரோடு கைதியாக இருந்தார். போரில் காட்டிய துணிச்சலைவிட இந்த முடிவு பெரியது என்பேன். உள்ளே இருந்தபடியே மாதக்கணக்கில் ஆள் சேர்த்தார், அமீர்களை ஒவ்வொருவராகத் தம் பக்கம் இழுத்தார். காபூலிலிருந்து திரும்பும் வழியில், படையைப் பார்வையிடுவதாகச் சொல்லிப் பேரரசரை வெளியே கொண்டுவந்துவிட்டார். அதோடு நிற்காமல் மகாபத் கானை மிரட்டி அண்ணன் ஆசப் கானையும் மீட்டார்.

அடுத்த ஆண்டு அந்த அண்ணன்தான் தங்கையைக் காவலில் வைத்தார். இதில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனாரசி என்ற தூதரிடம் கடிதம் எழுத நேரமில்லாமல் தம் முத்திரை மோதிரத்தைக் கொடுத்து, தக்காணத்தில் ஜுன்னாரில் இருந்த ஷாஜஹானிடம் ஆசப் கான் அனுப்பினார். அவர் வந்து சேரும்வரை தாவர் பக்ஷ் என்ற இளவரசரை ஒப்புக்கு அரசராக்கினார். ஷஹ்ரியார் லாகூரில் தோற்றார். கண்களைக் குருடாக்கி, பிறகு கொன்றார்கள். தாவர் பக்ஷும் தப்பவில்லை. 1628இல் ஷாஜஹான் அரியணை ஏறினார், மும்தாஜ் பேரரசியானார். ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தில் லாகூரில் ஒதுங்கிய நூர்ஜஹான், விதவை மகளோடு வாழ்ந்து 1645இல் இறந்தார்.

[திரையில்: லாகூர், ஷாதரா. மேலிருந்து எடுத்த படம்]

கடைசியாக இந்தப் படம். ராவி ஆற்றங்கரையில் ஷாதரா. நான்கு மினார்களோடு நிற்பது ஜஹாங்கீரின் கல்லறை. அதை ஒட்டி ஆசப் கானின் கல்லறை. ஆங்கிலேயர் காலத்தில் போட்ட ரயில் பாதை ஒன்று குறுக்கே ஓடுகிறது, பாருங்கள். அந்தப் பாதைக்கு இந்தப் பக்கம் தனியாக இருப்பது நூர்ஜஹானின் கல்லறை. உள்ளே இரண்டு சமாதிகள். பக்கத்தில் இருப்பது லாட்லி.