முதல் பந்து நின்றால்

(பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியின் விளையாட்டு ஆண்டுத் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அம்மா அவர்களே, உடற்கல்வி இயக்குநர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் கைப்பந்து அணிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் டீம் எப்படி வரும் என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவிட்டார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. போன வருஷம் ஓங்கி அடித்தே ஆட்டத்தை முடித்துக் கொடுத்த உயரமான பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டரும் போய்விட்டாள். இருக்கிறவர்களில் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள் குறைவு. அதனால் இந்த வருஷம் கஷ்டம்தான் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. நான் கொஞ்ச நாளாகக் காலையில் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். போன வருஷ அணியைவிட இந்த அணி தூரம் போகும் என்பது என் கணிப்பு.

பெண்களுக்கான வலை உயரம் 2.24 மீட்டர். வலைக்கு மேலே நடப்பதற்குத்தான் கூட்டம் கை தட்டும். ஆனால் அடிக்கிற கைக்குப் பந்து வந்து சேர வேண்டுமே! எதிரணியின் சர்வீஸை எடுக்கிற முதல் தொடுகை வலையோரம் செட்டர் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டால் அவளுக்கு மூன்று வழி. நடுவில் குட்டையாகத் தூக்கலாம், இடது ஓரத்துக்கு அனுப்பலாம், தலைக்குப் பின்னால் தள்ளலாம். எந்தப் பக்கம் குதிப்பது என்று எதிரே வலையில் கை நீட்டித் தடுக்க நிற்கும் பிளாக்கருக்குத் தெரியாது. அதே பந்து வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டுக்குப் பின்னால் தொங்கினால் பெரும்பாலும் ஓரத்துக்கு உயரத் தூக்கிப் போடுவதுதான் கதி. அங்கே இரண்டு பேர் கையை நீட்டித் தயாராக நிற்பார்கள்.

போன வருஷம் எப்படிப் பந்து வந்தாலும் அடிக்க ஆள் இருந்தது, அதனால் முதல் பந்தின் குறை வெளியே தெரியவில்லை. விவரமான ஓர் அணி ஒரே மூலைக்குச் சுழலாத சர்வீஸாகப் போட ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. இந்த வருஷம் அந்த மூலையில் நிற்பவள் ஆலங்குளத்துப் பக்கத்துப் பிள்ளை, நம் லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்பவள். உயரம் குறைந்தவர்களுக்கும் களத்தில் ஒரு நிலையான இடம் கிடைக்கும்படி 1998-இல் வந்த விதிதான் இந்த லிபரோ. லிபரோ பிளாக் செய்யக் கூடாது, வலை உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கக் கூடாது. எடுப்பதுதான் அவள் வேலை. சர்வீஸ் போடுகிறவளின் தோளைப் பார்த்தே இவள் அரை அடி நகர்ந்துவிடுகிறாள். முழங்கை மடங்குவதில்லை. மணிக்கட்டுக்கு மேலே உள்கையில் பட்டு, பந்து அதிகம் சுற்றாமல் எழும்பி செட்டரின் நெற்றிக்கு நேராக இறங்குகிறது. ஒரு காலைப் பயிற்சி முழுக்க அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்துபோனது.

நம் ஆடிக் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. "மேடம், பந்து அந்தால ஓடிப்போயிருது" என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். சர்வீஸ் எடுக்கப் பழக இதைவிட நல்ல காலம் வராது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் செட்டருக்கு அந்தக் காற்று ஆகாது. அவளுக்குக் காற்று அடங்கிய விடியற்காலையை ஒதுக்குங்கள்.

செட்டரைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வள்ளியூரிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவி. கை மெத்து, ஆனால் அவசரம் இருக்கிறது. அவள் முன்வரிசைக்குச் சுழன்று வரும்போது வலையில் அடிக்க இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அவள் முன்வரிசையில் நிற்கும் அந்த மூன்று ரொட்டேஷனில், அதாவது இடம் மாறும் மூன்று சுற்றில், பின்வரிசையிலிருந்து தாவி அடிக்க ஒருத்தி தயாராக வேண்டும். அதுவரை சில செட்டுகளை விட்டுக்கொடுப்போம். யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

உயரத்தை நினைத்துக் கலங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1964-இல் டோக்கியோவில்தான் கைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பான் அணியில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலை நிறுவனத்தில் வேலை பார்த்த பெண்கள். நம் விக்கிரமசிங்கபுரம் மில்லைத் தெரிந்தவர்களுக்கு ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்து வருகிற களைப்பு புரியும். அந்தக் களைப்போடு பழகினார்கள். தரையில் பாய்ந்து, எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கிற வித்தையை வைத்துக்கொண்டு, தங்களைவிட உயரமான சோவியத் அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் தைமாட்சு நள்ளிரவு வரை வாட்டி எடுப்பாராம். அந்தக் கடுமை நமக்கு வேண்டவே வேண்டாம். உருண்டு எழுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

போக வேண்டிய பாதை உங்களுக்குத் தெரியும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளும் நிற்கும். அதில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணியில் இடம், அப்புறம் தென்மண்டலப் போட்டி. கேரளத்துப் பிள்ளைகளை எதிர்கொள்வது அங்கேதான். முதலமைச்சர் கோப்பையும் இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையே இறுதி ஆட்டம் வரை போவோம் என்று நம்புகிறேன். நம் லிபரோவைப் பல்கலைக்கழக அணியில் எடுக்காவிட்டால்தான் ஆச்சரியப்படுவேன்.

பெற்றோரிடமும் பேராசிரியர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். திறமை இல்லாமல் நின்ற பிள்ளைகளைவிட, பஸ்ஸுக்குப் பயந்து நின்ற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2021-இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. காசு இல்லையே தவிர, நேரத்துக்கு பஸ் வர வேண்டுமே. பயிற்சி முடிந்து திருநெல்வேலிச் சந்திப்பிலோ புதிய பேருந்து நிலையத்திலோ இருட்டில் காத்து நிற்கும் மகளை நினைத்து ஓர் அம்மா பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே தடத்தில் வருகிற பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பவும், மாலைப் பயிற்சியை அரை மணி நேரம் முன்னால் தொடங்கவும் கல்லூரி ஏற்பாடு செய்யட்டும். அந்த அரை மணிக்கு வருகைப்பதிவு கொடுக்கத் துறைத் தலைவர்கள் மனசு வைக்க வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பது வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பலம்தான். ஆனால் வேலைக்காக மட்டும் மகளை அனுப்பாதீர்கள், அவளுக்கு ஆடப் பிடித்திருக்கிறது என்பதற்காகவும் அனுப்புங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தால் நம் மண் தரை சேறாகிவிடும், வெட்டவெளிப் பயிற்சி நின்றுவிடும். அதற்குள் செய்ய வேண்டியது நிறைய. நாளைக் காலை 6 மணிக்கு சர்வீஸ் எடுக்கும் பயிற்சி. பந்து பொறுக்கிப் போட ஆள் போதவில்லை. அணியில் இல்லாத மாணவிகளும் வாருங்கள், நானும் வருகிறேன்.