மெய்யெழுத்தை மடியில் உட்கார வையுங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். "டீச்சர், பாப்பாவுக்கு எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா சேர்த்துப் படிக்க வரலை" என்று ஏதாவது ஒரு அம்மா வந்து சொல்லாத வாரமே கிடையாது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

வீட்டில் நடப்பது இதுதான். புத்தகத்தில் 'மரம்' என்று இருக்கும். பிள்ளை விரலை வைத்து ம, ர, இம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லும். சரி, இப்போ சேர்த்துச் சொல்லு கண்ணு என்றால் மறுபடியும் அதே ம, ர, இம். நாலாவது தடவை அம்மாவுக்குக் கோபம் வரும், பிள்ளைக்கு அழுகை வரும்.

அந்த 'இம்' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மரத்தில் 'இ' எங்கே இருக்கிறது? மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிப்பது கஷ்டம் என்பதால் முன்னால் ஒரு இகரத்தைத் துணைக்குச் சேர்த்து இக், இங், இச் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அது எழுத்தைக் கூப்பிடும் பெயர்தானே தவிர அதன் ஒலி இல்லை. பிள்ளை அந்தப் பெயரை அப்படியே ஒட்டப் பார்த்தால் 'மரஇம்' என்றுதான் வரும், அப்படி ஒரு சொல் அதற்குத் தெரியாது, அதனால் நின்றுவிடுகிறது. நாங்கள் எல்லாம் இப்படிப் படித்துத்தானே வந்தோம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். வந்தோம், உண்மைதான். ஆனால் எழுத்துக் கூட்ட வராமலேயே பள்ளியை விட்டு நின்று, காபித் தோட்ட வேலைக்குப் போனவர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள், அவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது, புள்ளி வைத்த எழுத்து தனியாக உட்காராது, முன்னால் இருக்கும் எழுத்தின் மடியில்தான் உட்காரும் என்று. ர-வின் மடியில் ம் உட்கார்ந்தால் 'ரம்'. ம, ரம், மரம். பட்டம் என்றால் பட், டம். தக்காளி என்றால் தக், கா, ளி. பள்ளியில் நேர், நிரை என்று அசை பிரித்தோமே, அங்கேயும் ஒற்றெழுத்தைத் தனி அசையாக எண்ண மாட்டோம், முன்னால் இருப்பதோடு சேர்த்துவிடுவோம். நம் நாக்கு சொல்லை அப்படித்தான் துண்டு போடுகிறது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், ஆக 247 என்று அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பதில் இருக்கும் அக்கறையில் பாதியை இந்த மடி விஷயத்தில் காட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

அடுத்து நான் செய்த ஒரு தவறு. ஆங்கிலத்தில் 'ஸ்ஸ்ஸ்', 'ம்ம்ம்' என்று ஒலியை விடாமல் இழுத்து அடுத்த ஒலியோடு ஒட்டும் முறை உண்டு, அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. நானும் தமிழில் அப்படியே 'ப...ட...ம்' என்று இழுத்துக் காட்டினேன். ஒரு பையன் உற்சாகமாக 'பாடம்!' என்றான். அவன் மேல் என்ன தப்பு? நான் இழுத்த இழுப்பில் குறில் நெடிலாகிவிட்டது. மலை மாலை ஆகிவிடும், கல் கால் ஆகிவிடும். தமிழில் குறிலை இழுக்கவே கூடாது.

இழுக்காமல், இடையில் நிறுத்தவும் செய்யாமல் எப்படிச் சேர்ப்பது? சங்கிலி மாதிரி கோர்த்துக்கொண்டே போக வேண்டும். சேலத்தில் சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், கோர்த்த கண்ணியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கண்ணியை மாட்டுவார்கள். அதே மாதிரி கொ, கொலு, கொலுசு. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால், மூன்றாவது எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து மறந்துபோவதில்லை. 'கொ' எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்பதால் அதைத் துண்டு துண்டாக விளக்கப் போகாதீர்கள், ஒரே படமாக மனதில் பதிந்தால் போதும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு பையன் 'மிளகு' என்பதை மி, மிள, மிளக்கு என்று வாசித்துவிட்டு விழித்தான். கடலில் வரும் க வேறு, தங்கத்தில் வரும் க வேறு, மிளகில் வரும் கு வேறு, எழுதுவதோ ஒரே எழுத்து. அவன் அட்டையில் படித்த கு-வை அழுத்தி ஒட்டியிருக்கிறான். நான் திருத்தவில்லை, "அப்படி ஒரு பேர் கேள்விப்பட்டிருக்கியா சாமி?" என்று மட்டும் கேட்டேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறி நிற்கும் ஊர்ப் பிள்ளை அவன், இரண்டு நொடி யோசித்து "மிளகு!" என்று கத்தினான். எழுத்து பாதி தூரம் கொண்டுபோய் விடும், மீதியை ஏற்கெனவே காதில் இருக்கும் சொல்தான் இழுத்துச் சேர்க்கும். அதனால் ஆரம்பத்தில் பிள்ளை வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லையே கொடுங்கள்.

2022-ல், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது கொரோனாவால் பள்ளியைச் சரியாகப் பார்க்காத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தோம். ஆரம்பப் படியான அரும்பு நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் எழுத்தையே காட்டவில்லை, காதுக்கு மட்டும்தான் வேலை கொடுத்தேன். மாம், பழம் என்று இரண்டு துண்டாகச் சொல்வேன், அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் பாட், டி. அப்புறம் தட், டு, வ, டை. காதால் ஒட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கண்ணால் ஒட்டுவது அவ்வளவு சிரமமில்லை, மூன்று நாலு வயதிலேயே இதை விளையாட்டாகத் தொடங்கலாம், புத்தகமும் வேண்டாம், செலவும் இல்லை.

சேலத்திலிருந்து பஸ்ஸில் மலை ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு வருகிறதே, வளைவுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகப் பார்த்து "அதோ பார், கு, ரங், கு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும், அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். போன மாதம் அப்படி ஒரு பயணத்தில், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இறங்கும்போது பஸ் போர்டைப் பார்த்து ஏற், ஏற்கா, ஏற்காடு என்று தானாகவே கோர்த்தாள். அவள் அம்மா படியிலேயே நின்றுவிட்டார், பின்னால் இறங்க வேண்டியவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.