எட்டாவது கோரிக்கை

நண்பர்களே, வணக்கம். காப்புரிமைச் சட்டம் பற்றிய பேச்சு என்றதும் கடைசி வரிசையில் இடம் பிடித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரிகிறது. பரவாயில்லை. சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கப் போவதில்லை, ஒரு பழைய வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தந்தி என்றால் நமக்கு நினைவுக்கு வருபவர் சாமுவேல் மோர்ஸ். அவருடைய காப்புரிமைப் பத்திரத்தில் எட்டுக் கோரிக்கைகள் இருந்தன. பத்திரத்தில் எத்தனை பக்கம் விளக்கமும் படமும் இருந்தாலும் அதன் உயிர் இந்தக் கோரிக்கைகளில்தான் இருக்கிறது. எது என்னுடையது, அதன் எல்லை எதுவரை என்று சொல்வது அவைதான். முதல் ஏழில் மோர்ஸ் தன் கருவியைப் பற்றியும் தன் குறியீட்டு முறையைப் பற்றியும் பேசினார். அதில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. எட்டாவதில்தான் ஆசை எட்டிப் பார்த்தது. நான் விவரித்த இயந்திரத்தோடு நிற்க மாட்டேன். மின்காந்த சக்தியை யார் எந்த வழியில் உண்டாக்கினாலும் சரி, எந்தத் தொலைவில் இருந்தாலும் சரி, அதைக்கொண்டு எழுத்தைப் பதிப்பது என்பதே எனக்குச் சொந்தம் என்று எழுதிவிட்டார்.

1854-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மற்ற கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டு எட்டாவதை மட்டும் தூக்கிவிட்டது. நாளைக்கு வேறொருவர் இதைவிட எளிதான, மலிவான ஒரு வழியைக் கண்டுபிடிக்கலாம். மோர்ஸின் முறையில் ஒரு துரும்பைக்கூட அவர் தொட்டிருக்க மாட்டார். ஆனாலும் மோர்ஸிடம் அனுமதி கேட்டு நிற்கவேண்டி வரும். அது எப்படி நியாயம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. செய்த வழிக்கு உரிமை கொடுக்கலாம். அடைந்த விளைவுக்கே உரிமை கொடுத்தால், இன்னும் பிறக்காத கண்டுபிடிப்புகளையும் சேர்த்து ஒருவர் பெயரில் பட்டா போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

காப்புரிமை அடிப்படையில் ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கிறார். அரசு பதிலுக்கு 20 ஆண்டு தனியுரிமை தருகிறது. கொடுத்தது கைப்பிடி, வாங்கியது களஞ்சியம் என்று ஆனால் பேரம் கெட்டுப்போகிறது. ஜார்ஜ் செல்டன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1879-இல் மோட்டார் வண்டிக்கு விண்ணப்பம் போட்டார். திருத்தம், மறுபடி திருத்தம் என்று இழுத்து 1895-இல்தான் உரிமையை வாங்கினார். அப்போதெல்லாம் காலக்கெடு வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு, ஆகவே தாமதமே லாபம். அதுவரை அவர் ஒரு வண்டிகூடச் செய்து ஓட்டியதில்லை. இருந்தும் வண்டி செய்த நிறுவனங்கள் பல அவருடைய உரிமைக்குப் பணம் கட்டின. ஹென்றி ஃபோர்டு முடியாது என்றார், அவர்மேல் வழக்கு வந்தது, அவரும் விடாமல் நீதிமன்றத்தில் போராடினார். செல்டனின் உரிமை ஒருவகை எஞ்சினுக்கு மட்டுமே செல்லும், ஃபோர்டு பயன்படுத்துவது வேறு வகை என்று 1911-இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு காப்புரிமையே காலாவதி. வழக்கு தொடங்கியது 1903-இல் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அதெல்லாம் இரும்புக் காலம். மென்பொருளுக்கு வருவோம். அமேசான் 1997-இல் விண்ணப்பித்து 1999-இல் பெற்ற 'ஒரே கிளிக்' காப்புரிமையின் முதல் கோரிக்கையைப் படித்துப் பாருங்கள். பொருளைத் திரையில் காட்டுவது, வாங்குபவர் ஒரே ஒரு செயல் செய்ததும் அவருடைய அடையாளத்தோடு ஆர்டரை சர்வருக்கு அனுப்புவது, அங்கே ஏற்கெனவே சேமித்து வைத்த விவரங்களை எடுத்து ஆர்டரை முடிப்பது. இவ்வளவுதான். நிரல் எப்படி எழுதப்பட்டது என்பது பற்றி அதில் பேச்சே இல்லை. ஒருமுறை அழுத்தினால் பொருள் வரவேண்டும் என்ற ஆசை எந்தக் கடைக்காரருக்கும் வரக்கூடியதுதானே?

1999 டிசம்பரில், பண்டிகை விற்பனை சூடுபிடித்த நேரத்தில், அமேசான் போட்ட வழக்கில், இதே வசதியைத் தந்த பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தக நிறுவனத்துக்கு இடைக்காலத் தடை விழுந்தது. அவர்கள் வாடிக்கையாளரை வேண்டுமென்றே இன்னொரு முறை கிளிக் செய்ய வைத்தார்கள். வேலையைக் கூட்டுவதற்காக ஒரு பொத்தான்! 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை விலக்கியது. அதற்குக் கைகொடுத்த சான்றுகளில் ஒன்று, கம்ப்யூசர்வ் நிறுவனம் முன்பே நடத்திவந்த சேவை. பங்கு விலை வரைபடம் ஒன்றை ஒரே கிளிக்கில் 50 சென்ட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். மறு ஆண்டு இரு தரப்பும் சமரசமாகிவிட்டதால் காப்புரிமை செல்லுமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் முடிவான பதில் சொல்லவே இல்லை. பிறகு நியூசிலாந்திலிருந்து ஒருவர் மறுபரிசீலனை கேட்டதில், 2010-இல் கோரிக்கைகள் சுருங்கின. 2017-இல் காலம் முடிந்தது.

இதற்குப் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேட்பவர் அகலமாகத்தான் கேட்பார். கொடுப்பது எளிதாகவும் பறிப்பது கடினமாகவும் இருப்பதே கோளாறு. அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்குக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகருக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாக 20 மணி நேரத்தை ஒட்டித்தான். அதற்குள் படிக்கவேண்டும், உலகத்தில் இதற்கு முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடவேண்டும், பதில் எழுதவேண்டும். ஆனால் முத்திரை விழுந்த பிறகு, அது செல்லாது என்று நீதிமன்றத்தில் நிறுவ வெறும் சந்தேகம் போதாது, தெளிவான, உறுதியான ஆதாரம் வேண்டும். இதை 2011-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது.

இந்த இடைவெளியில்தான் 'பேட்டன்ட் ட்ரோல்'கள் குடியேறினார்கள். எதையும் தயாரிக்காமல், பழைய காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் அனுப்பிப் பிழைப்பவர்கள். ஸ்கேன் செய்த ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறீர்களா, அப்படியானால் ஊழியர் ஒருவருக்கு ஏறத்தாழ 1,000 டாலர் கட்டுங்கள் என்று சின்னச் சின்ன அலுவலகங்களுக்கெல்லாம் கடிதம் போனது. வெர்மான்ட் மாநில அரசு 2013-இல் வழக்குப் போட்டது. பெரியவர்களும் தப்பவில்லை. பிளாக்பெரி கைபேசி செய்த நிறுவனம் 2006-இல் 61.25 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் அதே காப்புரிமைகளைக் காப்புரிமை அலுவலகம் மறுபரிசீலனையில் நிராகரித்துக்கொண்டிருந்தது. சேவைக்கே தடை வந்துவிடுமோ என்ற பயத்துக்குக் கொடுத்த விலை அது.

காப்புரிமையே வேண்டாமா என்று கேட்பீர்கள். மருந்தில் ஒரு மூலக்கூறின் அமைப்பை வரைந்து காட்டிவிடலாம். எல்லை எங்கே என்று எதிராளிக்கும் தெரியும். அங்கே தகராறு வேறு விதம். மென்பொருளில் எல்லைக் கல்லே சொற்களால் ஆனது, அதுவும் நகரக்கூடிய சொற்கள்.

சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. 2012 முதல் அமெரிக்காவில் நீதிமன்றம் போகாமல் காப்புரிமை அலுவலகத்திலேயே சவால் விட ஒரு வழி இருக்கிறது. 2014-இல் ஆலிஸ் என்ற நிறுவனத்தின் காப்புரிமை பற்றிய வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், பொதுவான ஒரு யோசனையோடு 'கணினியில்' என்று சேர்த்துவிட்டால் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று தீர்ப்பு வந்தது. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவோ கணித முறை, வணிக முறை, அல்காரிதம் ஆகியவற்றுக்கு உரிமை கிடையாது என்கிறது. கணினி நிரலுக்கும் 'நிரல் என்ற அளவில்' கிடையாது. இந்தக் கடைசித் தொடருக்குள் புகுந்து வெளியே வரப் பார்க்கும் விண்ணப்பங்கள் ஏராளம் என்பது தனிக்கதை.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருவது, உரிமை வழங்கும் முன்பே எவரும் எதிர்ப்பைப் பதிவுசெய்ய இந்தியச் சட்டத்தில் இருக்கும் வழி. ஏனென்றால் பரிசோதகர் பெரும்பாலும் பழைய காப்புரிமைகளுக்குள்தான் தேடுகிறார். மென்பொருளின் வரலாறு அங்கே இல்லை. அது பழைய கையேடுகளிலும் கைவிட்ட திட்டங்களின் மூல நிரலிலும் கிடக்கிறது. நிரல் எழுதுகிற நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் வெளியிடுவதைத் தேதியோடும் போதிய விளக்கத்தோடும் வெளியிடுங்கள். உங்கள் துறையில் வெளிவரும் விண்ணப்பங்களில் கோரிக்கைப் பகுதியையாவது படியுங்கள். முதல் கோரிக்கையைப் படித்ததும் 'இதை நாங்கள் எப்போதோ செய்துவிட்டோமே' என்று தோன்றினால், உரிமை கைக்குப் போவதற்கு முன்பே அந்தப் பழைய கையேட்டை இணைத்து எதிர்ப்பை எழுதிப் போடுங்கள். போன பிறகு என்றால் வக்கீல் வைக்கவேண்டி வரும்.