ஆளை எண்ணும் முன் ஊரை எண்ணுங்கள்

நண்பர்களே, ஒரு மாத்திரையைச் சோதிப்பதென்றால் ஆளாளுக்குக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். கொசுவை வைத்துச் செய்யும் சோதனையில் அது நடக்காது. கொசு பக்கத்து வீட்டுக்கும் பறக்கும். அதனால் தெருவையோ ஊரையோ மொத்தமாக ஒரு பக்கம், அதாவது சோதிக்கும் பக்கத்திலோ ஒப்பிடும் பக்கத்திலோ, சேர்க்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். ஓர் ஊர்க்காரர்கள் குடிப்பது ஒரே தண்ணீர், போவது ஒரே மருத்துவரிடம். அவர்கள் உடல்நிலையும் ஓரளவு ஒத்துப்போகும். ஒற்றுமையே இல்லை என்றால் 0, எல்லோரும் ஒரே மாதிரி என்றால் 1; அந்த ஒற்றுமையின் அளவு இங்கே 0.05 என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் ஊருக்கு 100 பேரைச் சேர்த்தால், தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த சுமார் 17 பேர் தரும் தகவல்தான் கிடைக்கும். சரி, 1,000 பேரைச் சேர்த்தால்? 20 பேர் அளவைக்கூட எட்டாது. கூடுதலாக வந்த 900 பேரின் ரத்தமும் நேரமும் ஏறக்குறைய வீண். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன். ஆளைக் கூட்டுவதற்குப் பதில் ஊரைக் கூட்டுங்கள். புது ஊர் என்றால் வண்டி, ஊழியர், அனுமதி என்று செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் செலவுக்குப் பலன் உண்டு.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த டெங்கு சோதனையைப் பாருங்கள். வோல்பாச்சியா என்ற பாக்டீரியா உடலில் இருக்கும் ஏடிஸ் கொசு டெங்கு வைரஸை எளிதில் பரப்பாது. சுமார் மூன்று லட்சம் பேர் வாழும் இடத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 பகுதிகளில் அந்தக் கொசுக்களை விட்டார்கள். வீடு வீடாகப் போய் எல்லோரையும் கண்காணித்திருந்தால் செலவு தாங்காது. காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாங்களாகவே வந்தவர்களைச் சோதித்தார்கள். டெங்கு உள்ளவர்களும் இல்லாதவர்களும் எந்தப் பகுதியில் வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். 8,144 பேரைச் சேர்த்ததே போதுமானதாக இருந்தது. 2021-இல் வெளியான முடிவு: கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு.

இன்னொன்றும் செய்தார்கள். 24 என்பது சின்ன எண்ணிக்கை. வெறும் குலுக்கலில் டெங்கு அதிகமுள்ள பகுதிகளெல்லாம் ஒரே பக்கம் விழுந்துவிடலாம். அதனால் முந்தைய டெங்கு எண்ணிக்கை, மக்கள்தொகை போன்றவை இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக அமையும் பிரிவினைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுத்தார்கள். கூடுதல் செலவே இல்லாத வேலை இது. அப்படியும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மூன்று ஊர்தான் கிடைக்கும் என்றால் இந்த உத்தியும் காப்பாற்றாது. அந்த நிலையில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே ஒரு புள்ளியியலாளரை அழைத்து, சோதனையை நடத்தலாமா என்றே கேளுங்கள்.