அம்மாவுக்கு அப்பா, அப்பாவுக்கு ஆத்தா

நேயர்களுக்கு வணக்கம். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தவள் நான். அங்கே கற்ற மருத்துவத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து வந்தேன். கிர்கிஸ் மொழியில் உறவுமுறைச் சொற்களைக் கற்ற கதையைச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு அதுதான் வசதி.

முதல் வருடக் குளிர்காலம். ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் தேநீர் பொங்கும் சத்தம் கேட்டு, "அப்பா! அப்பா!" என்று குரல் கொடுத்தேன். மறுமுனையில் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார்: "அங்கே யாருடி உனக்கு அப்பா?"

விஷயம் இதுதான். கிர்கிஸ் மொழியில் அப்பா என்றால் அம்மா. கடைசி எழுத்தைக் கொஞ்சம் குறுக்கிச் சொல்ல வேண்டும், அவ்வளவே வித்தியாசம். வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம். சரி, அப்பாவுக்கு என்ன சொல்? அத்தா. நம் ஆத்தாவை நினைத்துக்கொண்டு பேசினால் குடும்பமே தலைகீழாகிவிடும். ஒருநாள் வீட்டுக்கார அம்மா தன் பெற்றோரின் பழைய புகைப்படத்தைக் காட்டி, "இது அத்தாம், இது அப்பாம்" என்றார். 'ம்' சேர்ந்தால் 'என்னுடைய' என்று பொருள். வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட தாடிக்காரரைப் பார்த்து, "உங்கள் அப்பாவா?" என்று நான் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் வகுப்பில் திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவர்கள் வீட்டில் தகப்பனாரை அத்தா என்றுதான் அழைப்பார்கள். அவளுக்கு மட்டும் இந்தக் குழப்பம் பாதியாகக் குறைந்துவிட்டது. தெற்கே ஓஷ் நகரத்துப் பக்கம் போனால் இன்னொரு கூத்து. அங்கே உஸ்பெக் மொழியும் புழங்கும். அதில் 'அக்கா' என்றால் அண்ணன்.

இவற்றைக் கடந்த பிறகுதான் மொழியின் உள்கட்டு எனக்குப் புரியத் தொடங்கியது. அம்மா வழி உறவு என்றால் சொல்லுக்கு முன்னால் 'தய்' வந்து ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் அப்பா தயத்தா, அம்மாவின் அம்மா தயெனெ, தாய்மாமன் தயக்கெ. தமிழ்க் காதுக்கு இது 'தாய்' என்றே விழும். உடனே, பார்த்தீர்களா, எல்லா மொழிக்கும் தமிழ்தான் மூலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கிர்கிஸ், துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இது தற்செயல். ஆனால் தேர்வுக்கு முந்தின இரவில் மனப்பாடம் செய்பவளுக்குத் தற்செயலும் துணைதான். திருமணத்தால் வந்த உறவுகளுக்கு இதே மாதிரி 'கய்ன்' என்ற முன்னொட்டு. மாமனார் கய்னத்தா, மாமியார் கய்னெனெ. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதிக் குடும்பம் கைக்குள் வந்துவிடும்.

மீதிப் பாதியில்தான் நான் விழுந்தேன். மொழி வகுப்பில் என் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தங்கைக்கு அகராதியில் கிடைத்த முதல் சொல் 'கரின்தாஷ்'. எழுந்து நின்று, எனக்கு ஒரு கரின்தாஷ் இருக்கிறாள் என்றேன். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அது அண்ணன், தன் தங்கையைச் சொல்லும் சொல். அக்கா சொன்னால் 'சிங்தி'. தங்கை ஒருத்திதான், ஆனால் சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். நம்மிடம் இது இல்லை. போதாக்குறைக்கு ரஷ்ய மொழியில் பென்சிலுக்குப் பெயர் 'கரன்தாஷ்'. ஆக, வகுப்பில் பாதிப் பேர் நான் பென்சில் வைத்திருப்பதாகவும் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது பிடித்துப்போனது. கரின் என்றால் வயிறு. தாஷ் என்ற ஒட்டு, ஒன்றைச் சேர்ந்து பகிர்பவரைக் குறிக்கும். கூடப்பிறந்தவள், ஒரே வயிற்றில் பிறந்தவள் என்று நாம் சொல்வதேதான்.

எங்கள் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் நான்கு வெவ்வேறு கிர்கிஸ் சொற்களுக்கு எதிரே 'சிஸ்டர் இன் லா' என்றே போட்டிருந்தது. நான் பேனாவை எடுத்து அடித்துவிட்டுத் தமிழில் எழுதிக்கொண்டேன். ஜெங்கெ: அண்ணி. பல்திஸ்: கொழுந்தியாள். கய்னெஜெ: நாத்தனார். அபிசின்: ஓரகத்தி. அபிசினைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த பெண்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கிடையாது. மலையில் ஆடு மேய்த்த இந்த மக்களிடம் இருக்கிறது. அக்கா தங்கையைக் கட்டியவர்கள் ஒருவருக்கொருவர் பஜா, நம் சகலை. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் ஒருவருக்கொருவர் குதா. பெண்ணாக இருந்தால் குதாகிய். சம்பந்தி, சம்பந்தியம்மா. அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக இருந்தால் குதிரை பெருகும், ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் சோறு பெருகும் என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. சோறு யார் கையில் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மருமகள் கெலின். 'கெல்' என்றால் வா. வந்தவள், கெலின். நம் ஊரில் வாழ வந்தவள் என்பார்கள் அல்லவா, அதே. வந்தவளுக்கு அங்கே ஒரு பழைய கட்டுப்பாடு இருந்தது. கணவர் வீட்டுப் பெரியவர்களின் பெயரை அவள் வாயால் சொல்லக் கூடாது. தெர்கோ என்று இதற்குப் பெயர். அந்தப் பெயர்கள் சும்மா இருக்குமா? ஓநாய், ஆடு, நாணல் என்றெல்லாம் வைத்திருப்பார்கள். அப்போது அந்தச் சாதாரணச் சொற்களும் அவளுக்குத் தடை. கிர்கிஸ்களும் கசாக்குகளும் சொல்லும் கதை ஒன்று. தண்ணீர் எடுக்கப் போன கெலின், ஆற்றுக்கு அக்கரையில் நாணலுக்குப் பக்கத்தில் ஓநாய் ஓர் ஆட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். கத்தியோடு ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஆறு, நாணல், ஓநாய், ஆடு, கத்தி, ஐந்தும் மாமனார் வீட்டு ஆட்களின் பெயர். அவள் யோசிக்கவே இல்லை. கத்தினாள்: "சலசலப்புக்கு அந்தப் பக்கம், சரசரப்புக்கு இந்தப் பக்கம், ஊளையிடுவது மே-என்பதைத் தின்கிறது, அறுப்பதை எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள்!"

இதைக் கேட்டபோது எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. தாத்தாவின் பெயர் பழனி. பாட்டி ஆயுசுக்கும் பழனி பஸ்ஸை 'ஆண்டி மலை பஸ்' என்றுதான் சொன்னார். கண்டக்டர்கள் புரிந்துகொள்வார்கள்.

எல்லாமே ஒத்துப்போகிறது என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் தாய்மாமன் வந்தால் ராஜ உபசாரம், மருமகனும் மருமகளும் செல்லம். அங்கே அக்கா தங்கையின் பிள்ளைக்கு ஜேன் என்று பெயர். உரிமையோடு வந்து கேட்டதை வாங்கிப் போகிறவன். அதனால் "ஜேன் வருவதற்கு ஏழு ஓநாய் வரலாம்" என்று பழமொழியே போட்டுவிட்டார்கள். குலம் தந்தை வழியில்தான். ஏழு தலைமுறை முன்னோர் பெயரைச் சொல்லத் தெரியாதவன் அடிமை என்பார்கள். அந்த ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் கூடாது. நம் பங்காளி முறை போல. கீழே இறங்கினால் பேரன் நெபெரெ, கொள்ளுப்பேரன் சொபொரொ, அப்புறம் கிபிரா, அப்புறம் திபிரா. நம் கொள்ளு, எள்ளுக்கு எதுகை மோனையில் குறைந்ததல்ல.

நான்காம் வருடத்திலிருந்து மருத்துவமனை வார்டில் பயிற்சி. எங்களுக்குப் பாடம் ஆங்கிலம், நோயாளிகளோடு பேச ரஷ்ய மொழி கற்றுக் கொடுத்திருந்தார்கள். நாரின் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு மூதாட்டியிடம் நான் மனப்பாடம் செய்திருந்த ரஷ்யக் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் குனிந்து, "அப்பா" என்றேன். திரும்பிப் பார்த்தார். கையை நீட்டினார். ரத்த அழுத்தம் பார்த்தேன், மேலே 180-ஐத் தாண்டி நின்றது. பட்டையை அவிழ்க்கும்போது என் கன்னத்தைத் தடவி, "அய்லனாயின், பாலாம்" என்றார்.

பாலாம் தெரியும், என் பிள்ளை. மற்றதை நர்ஸிடம் கேட்டேன். "உன்னைச் சுற்றி வருகிறேன் என்று சொல்கிறார். உன் நோய்நொடியெல்லாம் தன்மேல் வரட்டும் என்று அர்த்தம்." அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதை அந்த அம்மா ஒரே சொல்லில் செய்துவிட்டார். 180 அழுத்தத்தோடு படுத்துக்கொண்டு என் நோயை வாங்கிக்கொள்கிறாராம்.

"சரி அப்பா, முதலில் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.

நன்றி, வணக்கம்.