வானத்திலிருந்து கல் விழுமா?

நேயர்களுக்கு வணக்கம். 'சோதித்துப் பார்த்ததைத்தான் ஏற்பேன் என்று அடம்பிடிக்கிற அறிவியல், ஒரு மூடிய மனம்தானே?' இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வலுவான சாட்சியத்தை நானே எடுத்துத் தருகிறேன்.

1768இல் பிரான்ஸின் லூசே கிராமத்தில், இடி போன்ற சத்தத்துடன் ஒரு கல் வந்து விழுந்தது. வயலில் இருந்தவர்கள் நேரில் பார்த்தார்கள். கல் பாரிஸுக்குப் போனது. வேதியியலாளர் லவாய்சியர் உள்ளிட்ட பிரெஞ்சு அறிவியல் கழகத்தார் அதைப் பகுத்துப் பார்த்து, இரும்பும் கந்தகமும் இருப்பதைக் கண்டார்கள். அதுவரை சரி. அப்புறம், 'இது மின்னல் தாக்கிய பூமிக் கல்' என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவைச் சோதனை சொல்லவில்லை. வானத்தில் கல் ஏது என்ற அவர்களுடைய முன்முடிவுதான் சொன்னது. குடியானவர்கள் பேச்சுதானே என்ற அலட்சியமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இவை விண்வெளியிலிருந்து வருபவை என்று எழுதியபோதும் பலர் ஏற்கவில்லை. 1802இல் லண்டனில் ஹோவர்டு என்ற வேதியியலாளர், வெவ்வேறு ஊர்களில் விழுந்த கற்களைச் சோதித்தார். காசிக்கு அருகே விழுந்த கல்லும் அதில் ஒன்று. ஊர் வேறானாலும் எல்லாவற்றிலும் நிக்கல் என்ற உலோகம் இருந்தது; இவை ஒரே வகைக் கற்கள் என்பதற்கு அது ஒரு தடயம்.

மறு ஆண்டு ஏப்ரல் 26, பிரான்ஸின் நார்மண்டி வட்டாரத்தில் லெய்கல் ஊரைச் சுற்றிப் பட்டப்பகலில் சுமார் மூவாயிரம் கற்கள் கொட்டின. விசாரிக்க அரசு அனுப்பிய இயற்பியலாளர் பியோவுக்கு வயது 29. அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஊர் ஊராகப் போனார். ஒருவரையொருவர் அறியாத, வெவ்வேறு தொழில் செய்கிறவர்களை விசாரித்தார். அந்த வட்டாரப் பாறைகளில் இப்படிப்பட்ட கல் உண்டா என்று தேடினார்; இல்லை. கற்கள் கிடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். ஒரு நீள்வட்டம் தெரிந்தது. வதந்திக்கு அப்படி ஒரு வடிவம் வராது. கல்மழையை ஆய்வகத்தில் மறுபடி பெய்விக்க முடியாதுதான். ஆனாலும் விசாரிக்க வழி இருந்தது. கிராமத்தார் பேச்சு அங்கே ஆதாரமாக ஏறியது.

ஆக, மூடியிருந்தது கழகத்தாரின் மனம். அதைத் திறந்தது, அவர்களே பெருமை பேசிய அதே முறை. முப்பத்தைந்து ஆண்டு ஆனது என்பது உண்மை. அந்தத் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இத்தனைக்கும், இந்தக் கற்கள் நிலவின் எரிமலைகளிலிருந்து வந்திருக்கலாம் என்றுதான் பியோ எண்ணினார். அது பின்னால் அடிபட்டுப் போனது. 1959இல் செக்கோஸ்லோவாகியாவில் பிரிப்ராம் அருகே விழுந்த கல்லின் பாதையைக் கேமராக்கள் பதிவு செய்திருந்தன. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அதன் சுற்றுப்பாதை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டை வரை போனது.